மேற்கு வர்ஜீனியாவின் 55 கவுண்டிகள்

அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2016 மே 10 அன்று மேற்கு வர்ஜீனியாவில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில், தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் பெர்னி சாண்டர்ஸ், நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பகுதிகளான மாநிலத்தின் 55 கவுண்டிகளிலும் வென்றார். ஆறு மாதம் கழித்து நடந்த அதிபர் தேர்தலில் அதே 55 கவுண்டிகளிலும் டொனால்ட் டிரம்ப் வென்றார். மாநில அளவில் அவருக்குச் சுமார் 68 சதவீத வாக்குகள் கிடைத்தன. அதற்கடுத்த ஒன்றரை ஆண்டுக்குள், 2018 பிப்ரவரியில், அந்த 55 கவுண்டிகளிலும் பள்ளிகள் மூடப்பட்டன. வேலைநிறுத்த உரிமையே இல்லாத அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பேருந்து ஓட்டுநர்களும் சமையல் பணியாளர்களும் ஒன்பது பள்ளி நாட்கள் வெளியே நின்று, மாநில அரசைப் பணிய வைத்தார்கள். பிறகு 2020இலும் 2024இலும் 55 கவுண்டிகளும் மறுபடியும் டிரம்புக்கே வாக்களித்தன. இந்த நான்கு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதெல்லாம், அமெரிக்கத் தொழிலாளர்களைப் பற்றி நான் வைத்திருந்த எந்த விளக்கமும் முழுதாகப் பொருந்தாமல் போகிறது.

ஒஹையோவில் எங்கள் நண்பர் வட்டத்தில், தேர்தல் முடிவு வந்த ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்புதான் வழங்கப்படும். அமெரிக்கத் தொழிலாளிக்கு வர்க்க உணர்வு என்பதே கிடையாது, அவனை நிறவெறி ஆட்டிப்படைக்கிறது, தன் சட்டைப் பையைக் கிழிப்பவனுக்கே வாக்களிப்பான், அவ்வளவுதான். நிறவெறி இந்த நாட்டு அரசியலின் அடியில் ஓடுகிறது என்பதை இங்கே பழுப்புத் தோலோடு வாழும் எவரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்லி முடித்த கையோடு எல்லோரும் சாப்பிட எழுந்துவிடுகிறோம். அத்தனை பெரிய கூட்டத்தைப் பற்றி இனி யோசிக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியை அது தந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் எனக்கு ஒப்பவில்லை.

சாண்டர்ஸ் பெற்ற வெற்றியை வைத்து அந்த மலை மாநிலம் சோஷலிசத்துக்குத் திரும்பிவிட்டது என்று சொல்வதும் தவறு. உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஹிலாரி கிளின்டன், அந்த ஆண்டு மார்ச் மாதம் கொலம்பஸ் நகரில் பேசியபோது, நிறைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களையும் நிறுவனங்களையும் தொழிலை விட்டு அனுப்பப் போகிறோம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். அந்தத் தொழிலாளர்களைக் கைவிட மாட்டோம் என்றும் அதே மூச்சில் சொன்னார். ஆனால் மலைகளுக்குள் போய்ச் சேர்ந்தது முதல் பாதி மட்டுமே. சாண்டர்ஸுக்கு விழுந்த வாக்குகளில் ஒரு பகுதி கிளின்டனுக்கு எதிராக விழுந்த வாக்குகள். அப்படியிருந்தும், எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, பெரும் பணக்காரர்களுக்குக் கூடுதல் வரி என்று பேசிய ஒருவரைக் கம்யூனிஸ்ட் என்று பயந்து யாரும் விலகவில்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வழித்தடம் வாரியாகப் பிரித்த பைகள்

எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் வசிக்கும் பெண்மணி, மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதிக் கவுண்டி ஒன்றில் பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளோடு இருப்பதற்காக இங்கே குடிபெயர்ந்து வந்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். 2018 வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் சம்பளத்தைப் பற்றி முதலில் பேச மாட்டார். பைகளைப் பற்றித்தான் பேசுவார். அந்தக் கவுண்டிகளில் ஏராளமான குழந்தைகளுக்குப் பள்ளியில் கிடைக்கும் காலை உணவும் மதிய உணவுமே அன்றைய முழு உணவு. பள்ளியை மூடினால் அவர்கள் பட்டினி கிடப்பார்கள். எனவே வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே தேவாலயக் கூடத்தில் நீள மேசைகளைப் போட்டு, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு ஆப்பிள், ஒரு பால் பெட்டி என்று காகிதப் பைகளில் கட்டினார்கள். அந்தப் பைகளைப் பள்ளி வாரியாகவோ வகுப்பு வாரியாகவோ பிரிக்கவில்லை. பேருந்து வழித்தடம் வாரியாகப் பிரித்தார்கள். எந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்த வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார் என்பதெல்லாம் பேருந்து ஓட்டுநருக்குத்தான் தெரியும். ஆசிரியருக்குத் தெரியாது, தொழிற்சங்கத் தலைவருக்கும் தெரியாது.

இதைக் கேட்டபோதுதான் அந்த வேலைநிறுத்தம் எப்படி நின்றது என்பது எனக்குப் பிடிபட்டது. பெற்றோர்களை ஆசிரியர்களுக்கு எதிராகத் திருப்பிவிடலாம் என்று அரசு எண்ணியிருந்தால், அந்தக் கணக்கு இந்த மேசைகளின் முன்னால் தோற்றுப்போனது. ஓட்டுநர்களும் சமையல்காரர்களும் ஆசிரியர்களோடு சேர்ந்து வெளியே வந்ததால் பள்ளியைத் திறந்து வைப்பதே இயலாத காரியமாயிற்று. கவுண்டிக் கல்விக் கண்காணிப்பாளர்கள் தாங்களாகவே பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தார்கள். பள்ளி மூடியிருக்கும்போது வேலைக்கு வராதவர் மீது வழக்குப் போடுவது எளிதல்ல. 1990இல் நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் 47 கவுண்டிகள்தான் கலந்துகொண்டன. இந்த முறை ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்தப் பெண்மணி மூன்று தேர்தலிலும் டிரம்புக்கு வாக்களித்தவர். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று ஒருநாள் நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கூச்சப்படவும் இல்லை. வேலைநிறுத்தத்தின்போது ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் தன்னிடம் வந்து பேசினார், தன்னிடம் கருத்துக் கேட்டார், தன் கை உயர்ந்ததா என்று எண்ணினார். தேர்தலின்போது தன் வீட்டுப் படியேறி யாருமே வரவில்லை, தொலைக்காட்சி மட்டும்தான் பேசியது, அதில் ஒருவர் நிலக்கரியைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார் என்றார். அந்தப் பதிலை நான் பல மாதங்கள் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். டிரம்ப் சுரங்கங்களைத் திரும்பக் கொண்டுவரவில்லை என்பது அவருக்கும் தெரியும். 1940களின் இறுதியில் அந்த மாநிலத்தில் சுமார் 1,25,000 பேருக்கு வேலை கொடுத்த சுரங்கங்களில் இப்போது இருபதாயிரம் பேர்கூட இல்லை. ஆயினும் அவர் சொன்னதில் ஒரு துல்லியம் இருக்கிறது. ஒரே மனுஷி இரண்டு வெவ்வேறு அமைப்புகளுக்குள் இரண்டு விதமாக இயங்குகிறார். ஒன்றில் அவர் சக பணியாளர்களோடு கூடி முடிவெடுக்கிறார், இன்னொன்றில் திரையின் முன்னால் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்.

பிப்ரவரி 27

வேலைநிறுத்தத்தின் வரலாற்றில் நான் மீண்டும் மீண்டும் போய் நிற்பது ஒரே இடத்தில்தான். ஆசிரியர் சம்பளத்தில் நாட்டின் கடைசி வரிசையில் நின்ற மாநிலம் அது. முதல் ஆண்டு 2 சதவீதமும் அதன்பின் ஆண்டுக்கு 1 சதவீதமும் உயர்வு தரும் சட்டத்தில் ஆளுநர் ஜிம் ஜஸ்டிஸ் கையெழுத்திட்ட மறுநாள், பிப்ரவரி 22 அன்று, வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளத்தைவிட அதிகமாக ஆத்திரமூட்டியது அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு. பிரீமியம் ஏறிக்கொண்டே போனது மட்டுமின்றி, தினமும் எத்தனை அடி நடந்தோம் என்பதைக் கைபேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற திட்டமும் முன்வைக்கப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர்களிடம் போய் நீ எவ்வளவு நடந்தாய் என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 27 அன்று ஆளுநரும் சங்கத் தலைவர்களும் ஒப்பந்தம் ஆகிவிட்டதாக அறிவித்தார்கள். பள்ளிப் பணியாளர்களுக்கு 5 சதவீதம், மற்ற அரசு ஊழியர்களுக்கு 3 சதவீதம், காப்பீட்டுக்கு ஒரு பணிக்குழு. புதன்கிழமை ஒருநாள் ஆற அமர இருந்துவிட்டு வியாழக்கிழமை எல்லோரும் வேலைக்குத் திரும்ப வேண்டும். சார்ல்ஸ்டன் நகரில் தலைமைச் செயலகப் படிக்கட்டில் இதைக் கேட்ட கூட்டம் கைதட்டவில்லை. காப்பீட்டுக்காகத்தானே வந்தோம் என்று கத்தினார்கள். அடுத்த நாள் முழுவதும் தேவாலயங்களிலும் பள்ளிக் கூடங்களிலும் வணிக வளாகங்களிலும் கவுண்டி கவுண்டியாகக் கூடிப் பேசினார்கள். வியாழக்கிழமை காலை 55 கவுண்டிகளிலும் பள்ளி மூடியே இருந்தது. ஆளுநரின் வாய்ச்சொல்லை நம்பி, சட்டம் நிறைவேறாமல், தலைவர்கள் சொன்னார்கள் என்பதற்காகத் திரும்பிப் போக முடியாது என்று அடிமட்ட உறுப்பினர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அவர்கள் அஞ்சியது சரியே என்பதை அந்த வார இறுதியில் மாநில செனட் காட்டியது. அவைத் தலைவர் மிட்ச் கார்மைக்கேல் தலைமையில் அது 5 சதவீதத்தை 4 ஆகக் குறைத்தது. மார்ச் 6 அன்றுதான் இரு அவைகளும் 5 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டன. அதுவும் ஆசிரியர்களுக்கு மட்டுமின்றி மாநில அரசு ஊழியர் எல்லோருக்கும்.

அந்தப் புதன்கிழமையை உருவாக்கியது திடீர் ஆவேசம் என்று நான் நம்பவில்லை. முந்தைய ஆண்டில் சார்ல்ஸ்டனில், அமெரிக்க ஜனநாயக சோஷலிஸ்டுகள் அமைப்பைச் சேர்ந்த சிலர் தொழிலாளர் வரலாற்றைப் படிக்கும் வட்டம் ஒன்றை நடத்தினார்கள். அதில் சந்தித்த ஆசிரியர்கள் தொடங்கிய முகநூல் குழு, வேலைநிறுத்த நேரத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசும் இடமாக வளர்ந்தது. மூன்று தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்து கிடந்தவர்கள் தலைவர்களைத் தாண்டி ஒருவரோடொருவர் பேச அந்தக் குழு வழி செய்தது. டி.எஸ்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பு 1982இல் தொடங்கப்பட்டது. 2016க்கு முன் நாடு முழுக்க ஐந்தாறாயிரம் உறுப்பினர்களே இருந்த அதில் 2021 வாக்கில் 90,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். வேலைநிறுத்தத்தை அவர்கள் நடத்தினார்கள் என்று சொல்ல முடியாது. யாரும் யாருக்கும் ஆணையிடாத ஒரு நேரத்தில், முன்பு நடந்த போராட்டங்களைப் பற்றிப் படித்திருந்த சிலர் சரியான இடத்தில் இருந்தார்கள். என் கண்ணில் சோஷலிஸ்டுகள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை அதுதான்.

மிங்கோ, லோகன்

மாநிலம் முழுவதும் எழுவதற்கு முன்பே, பிப்ரவரி 2 அன்று, மிங்கோ, வயோமிங், லோகன் ஆகிய தெற்குக் கவுண்டிகளின் ஆசிரியர்கள் ஒருநாள் வேலையை விட்டு வெளியேறினார்கள். 1920இல் சுரங்க முதலாளிகளின் கூலிப் படையினரோடு துப்பாக்கிச் சண்டை நடந்த மேட்வான் ஊர் மிங்கோவில் இருக்கிறது. 1921இல் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு நடந்து வந்து மோதிய பிளேர் மலை லோகனில் இருக்கிறது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் இத்தாலியிலிருந்து வந்தவர்களும் ஒரே அணியில் நின்ற அந்தப் படையை நிறுத்தக் கடைசியில் அமெரிக்க ராணுவமே வர வேண்டியிருந்தது. 2018இல் ஆசிரியர்கள் அதே சிவப்புக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தலைமைச் செயலகத்தை நிறைத்தார்கள். கீழ்த்தளத்துப் பெண்மணி பள்ளியில் இந்த வரலாற்றைப் படித்ததே இல்லை. தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறார். சங்கம் இருந்த குடும்பத்தில் சங்கத்தின் நினைவு சமையலறையில் தங்கிவிடுகிறது. அந்த நினைவு ஒரு நெருக்கடியில் எழுந்து நிற்கும் துணிச்சலைத் தரும். அதற்கு மறுநாள் என்ன கேட்க வேண்டும் என்பதை அது தானாகச் சொல்லித்தராது.

எரிவாயு வரி

இதனால்தான் வேலைநிறுத்தத்தின் வெற்றியைவிட, அதில் கிடைக்காமல் போன ஒன்றைப் பற்றி நான் அதிகமாக யோசிக்கிறேன். அந்த முகநூல் குழுவில் இருந்த சோஷலிஸ்டுகள் ஆரம்பத்திலிருந்தே ஒரு கேள்வியை விடாமல் வைத்தார்கள். காப்பீட்டுக்கான பணம் எங்கிருந்து வர வேண்டும்? மாநிலத்தின் நிலத்துக்கடியிலிருந்து இயற்கை எரிவாயுவை எடுத்துக்கொண்டு போகும் நிறுவனங்களுக்குக் கூடுதல் வரி போட்டு, அதிலிருந்து காப்பீட்டுக்கு நிலையான நிதி கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. எரிவாயுவுக்கு வரி போடு என்ற முழக்கம் தலைமைச் செயலக மண்டபத்தில் எதிரொலித்தது. நூறாண்டுகளாக நிலக்கரியைக் கொடுத்துவிட்டு வறுமையை வாங்கிக்கொண்ட மாநிலத்தில் இதைவிட நேரடியான வர்க்கக் கேள்வி இருக்க முடியாது. சட்டமன்றம் அதைத் தொடக்கூட இல்லை. சம்பள உயர்வுக்கான பணத்தை, ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெயிட் உள்ளிட்ட செலவுகளைக் குறைத்துத் திரட்டுவோம் என்று செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் சொன்னார்கள். மெடிக்கெயிடில் கை வைக்க மாட்டோம் என்று ஆளுநர் தரப்பு சொன்னது. ஆசிரியரின் உயர்வு ஏழையின் மருத்துவச் செலவிலிருந்து பிடுங்கப்படும் என்று பேசக்கூடிய நிலை உருவானதே ஒரு தோல்வி. 5 சதவீதம் கிடைத்ததும் பெரும்பாலானவர்கள் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டார்கள். வரிக் கோரிக்கையை எடுத்துச் செல்ல ஊருக்கு ஊர் அமைப்பு எதுவும் இல்லை.

அதன்பின் நடந்தவற்றையும் ஏமாற்றத்தின் பட்டியலாகப் படிக்க எனக்கு விருப்பமில்லை. 2016இல் தானும் டிரம்புக்கு வாக்களித்ததாக ஒப்புக்கொண்ட ரிச்சர்ட் ஒஜேடா என்ற ஜனநாயகக் கட்சி மாநில செனட்டர், ஆசிரியர்களுக்காக முன்னின்று பேசியவர், 2018 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். டிரம்ப் 49 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்த தொகுதியில் அவர் சுமார் 13 புள்ளிகளில் தோற்றார். 2019 பிப்ரவரியில் தனியாருக்கு வழிவிடும் பள்ளி மசோதாவை எதிர்த்து ஆசிரியர்கள் மறுபடியும் வெளியேறி அதைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். 2020 ஜூனில், 5 சதவீதத்தை 4 ஆக வெட்டிய கார்மைக்கேலை அவருடைய சொந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே ஏமி கிரேடி என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை தோற்கடித்தார். அதாவது கோபம் மறையவில்லை. கையருகே இருந்த ஒரே கட்சியான குடியரசுக் கட்சியின் வழியாகவே அது வெளிப்பட்டது. 2021இல் அதே கட்சியின் சட்டமன்றம், அரசு ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று எழுத்தில் உறுதிப்படுத்தி, வெளியேறும் நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 55 பள்ளி மாவட்டங்களும் ஒன்றுசேர்ந்ததை ஆள்பவர்கள் எவ்வளவு கவனமாகக் குறித்துவைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

எனவே நண்பர் வட்டத்தின் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. வர்க்க உணர்வு என்பது ஒருவரின் தலைக்குள் இருக்கிறதா இல்லையா என்று தேர்தலன்று சோதித்துப் பார்க்கும் பொருளாக எனக்குத் தெரியவில்லை. கூடி நின்று, ஆபத்தை ஏற்று, ஒருவர் பையை இன்னொருவர் கட்டும்போது அது உண்டாகிறது. அதைத் தக்கவைக்கும் சங்கமும் கட்சியும் ஊருக்குள் இல்லையென்றால் சில ஆண்டுகளில் அது வலுவிழக்கிறது. 1950களின் நடுவில் அமெரிக்கத் தொழிலாளர்களில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 2024இல் அது 9.9 சதவீதம். அதே 2024இல் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 70 சதவீதம் பேர் தொழிற்சங்கங்களை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் கோடிக்கணக்கான மனிதர்களைத்தான் நாம் உணர்வற்றவர்கள் என்று எழுதித் தள்ளுகிறோம்.

நியூயார்க்கும் மலையும்

2025 நவம்பரில் டி.எஸ்.ஏ. உறுப்பினரான சோஹ்ரான் மம்தானி நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரவில் நானும் மகிழ்ந்தேன். வாடகை உயர்வை நிறுத்துவது, பேருந்தை இலவசமாக்குவது, குழந்தைப் பராமரிப்பை எல்லோருக்கும் தருவது என்று வீட்டுச் செலவுக் கணக்கையே அரசியலாக்கி அவர் வென்றார். 2021இல் கடன் சுமையில் மூழ்கிய டாக்சி ஓட்டுநர்களோடு அவரும் 15 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார் என்பதை நான் மறக்கவில்லை. அந்த ஓட்டுநர்களுக்குப் பிறகு கிடைத்த கடன் தீர்வு, அவர்கள் சங்கம் நடத்திய நீண்ட போராட்டத்தின் விளைவு. எனினும் ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் குறைந்த வருமானப் பகுதிகள் பலவற்றில் அவரை எதிர்த்து நின்ற முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோதான் முன்னிலையில் இருந்தார். வாடகை வீட்டில் வசிக்கும் பட்டதாரி இளைஞர்களே டி.எஸ்.ஏ.வின் முதுகெலும்பு. அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கல்விக் கடனோடும் நிலையற்ற வேலையோடும் வாழும் அவர்களும் தொழிலாளர்களே. ஆனால் அவர்கள் ஆயிரக்கணக்கில் வீடு வீடாகக் கதவைத் தட்டிய அந்த உழைப்பு நியூயார்க்குக்கு வெளியே, சுரங்கம் மூடிய ஊரின் கதவுகள் வரை போகவில்லை. சார்ல்ஸ்டனில் ஒரு சிறு படிப்பு வட்டமே அவ்வளவு தூரம் உதவியது என்றால், ஒவ்வொரு கவுண்டியிலும் ஒன்று இருந்தால் எரிவாயு வரிக் கோரிக்கை அத்தனை எளிதாக அமுங்கியிருக்குமா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

2023 வேலைநிறுத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் மூன்று பெரிய நிறுவனங்களோடும் தன் ஒப்பந்தம் 2028 ஏப்ரல் 30 அன்று முடியுமாறு அமைத்துக்கொண்டது. மற்ற சங்கங்களும் தங்கள் ஒப்பந்தக் காலத்தை அதே நாளில் முடியச் செய்யுங்கள், மே தினத்தன்று ஒன்றாக வெளியே வரலாம் என்று அதன் தலைவர் ஷான் ஃபெயின் அழைப்பு விடுத்திருக்கிறார். அமெரிக்கத் தொழிலாளர் இயக்கம் பல பத்தாண்டுகளாக வைக்காத துணிச்சலான யோசனை அது. மேற்கு வர்ஜீனியாவின் அரசு ஊழியர்களுக்குக் கூட்டு பேர உரிமை, அதாவது சங்கத்தின் வழியாகப் பேசி ஒப்பந்தம் போடும் உரிமை, கிடையாது. எனவே ஆசிரியர்களிடம் முடிவு தேதியை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் எதுவும் இல்லை, அந்த அழைப்பின் வரையறைக்குள் அவர்கள் வரவும் இல்லை. 2018இலும் அவர்களிடம் ஒப்பந்தம் இருக்கவில்லை. அவர்களிடம் அன்று இருந்தது கவுண்டி தோறும் கூடிக் கைதூக்கிய கூட்டங்களும், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று அறிந்த ஓட்டுநர்களும்தான். அந்தக் கூட்டங்களை மீண்டும் கூட்டும் வேலை, 2028க்கு வெகு முன்பாகவே, அந்தந்த ஊரில் தொடங்கப்பட வேண்டும்.